வீதியும் ஒரு திருச்சுற்றே
(மதுரை மாசி வீதி வலம் குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருக்கோயில் என்றதும் கருவறை, அர்த்த மண்டபம், மகா மண்டபம், திருச்சுற்று, இராசகோபுரம் என வரிசையாக எண்ணி, கோபுர வாயிலோடு கோயில் நிறைவுற்றதாகக் கருதுவது பொதுவழக்கு. மதுரை மாநகரை வகுத்த முன்னோர் அவ்வாறு கருதவில்லை. அங்கயற்கண்ணி உடனுறை சோமசுந்தரக் கடவுளின் திருக்கோயிலில், மதிலுக்கு உட்பட்ட திறந்தவெளிச் சுற்றுக்கு அவர்கள் இட்ட பெயர் ஆடி வீதி. கோயிலுக்குள்ளேயே வீதி! மதிலைக் கடந்து வெளியே வந்தால் சித்திரை வீதி. அதற்கு அடுத்தது ஆவணி மூல வீதி. அதனையும் சூழ்ந்து நிற்பது மாசி வீதி. உள்ளிருப்பதும் வீதி, வெளியிருப்பதும் வீதி. எது கோயில், எது ஊர் எனப் பிரித்துக் கோடிட இடம் வைக்காமல் அமைந்தது இந்நகர்.

சங்கத் தொகையாகிய பரிபாடல் மதுரையை ஒரு தாமரைப் பூவாகக் காண்கிறது. ஊர் பூவாகவும், தெருக்கள் இதழ்களாகவும், நடுவில் அமைந்த மன்னன் அரண்மனை பூவின் பொகுட்டாகவும் அங்கே உவமிக்கப்படுகின்றன. கோயில் என்னும் சொல் அக்காலத்தில் அரசன் இல்லத்தையும் குறித்தது. இன்று அந்நடுவிடத்தில் அன்பர்தம் உள்ளத்தை ஆளும் அரசியாக அம்மை வீற்றிருக்கின்றாள். நாயக்கர் காலத்தில் வீதிகள் சதுரம் சதுரமாகத் திருத்தம் பெற்ற பின்னரும், நடுவிலிருந்து விரியும் மலரின் அமைப்பு மாறவில்லை. அம்மலரின் புறவிதழ்களுள் ஒன்றாகிய மாசி வீதியை ஒருமுறை வலம் வருவதே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

பெயரிலேயே ஒரு செய்தி பொதிந்துள்ளது. மாசி வீதியில் நடைபெறுவது சித்திரைப் பெருவிழா. மாசி மண்டல விழாவில் சுவாமியும் அம்மனும் எழுந்தருளுவதோ சித்திரை வீதியில்! இம்மாற்றத்திற்குப் பெரியோர் கூறும் காரணம் உண்டு. முற்காலத்தில் திருக்கல்யாணமும் தேரோட்டமும் மாசித் திங்களில் நிகழ்ந்தன என்றும், 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்க மன்னர், அழகர் பெருமான் வைகையில் எழுந்தருளும் சித்திரை விழாவோடு அவற்றை இணைத்தார் என்றும் கூறுவர். மாசி அறுவடையில் ஊரார் வயலில் இருப்பர். சித்திரையில் கைவேலை ஓய்ந்திருக்கும். தேர் இழுக்க ஆள் சேரும். சைவ விழாவும் வைணவ விழாவும் ஒருங்கிணைந்தன. விழா திங்கள் மாறிற்று; வீதியின் பெயர் மட்டும் பழைய திங்களை நினைவூட்டிக் கொண்டு நிற்கிறது.

மதுரையிலே பிறந்து, மாசி வீதியிலே ஓடியாடி வளர்ந்து, பிழைப்பின் பொருட்டு வெளியூர் சென்று, நரைகூடிய காலத்தே ஊர் திரும்பும் ஒரு பெரியவர் இவ்வீதியில் நடப்பதாக வைத்துக் கொள்வோம். அவர் கண்ணில் படுவனவற்றுள் பாதி இன்றைய காட்சி. பாதி நினைவின் காட்சி.

அவர் கீழமாசி வீதித் தேரடியில் தொடங்குகிறார். பெரிய தேரும் சிறிய தேரும் நிலைகொள்ளும் இடம் இதுவே. தேர் புறப்படுவதற்கு முன் தேரடிக் கருப்பணசாமிக்கு வழிபாடு நிகழும். சித்திரைப் பெருவிழாவின் எட்டாம் நாள் அம்மைக்குப் பட்டாபிடேகம். ஒன்பதாம் நாள் திக்குவிசயம். பத்தாம் நாள் திருக்கல்யாணம். பதினோராம் நாள் தேரோட்டம். பிள்ளையாரும் முருகனும் நாயன்மார்களும் சப்பரங்களில் முன்செல்ல, பெரிய தேரில் பிரியாவிடையுடன் சுவாமியும், சிறிய தேரில் அம்மையும் பவனி வருவர். வடத்தைத் தொட்டு இழுப்போர் ஆயிரக்கணக்கினர். சக்கரத்தின் போக்கைத் திருத்த முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. அச்சிலர் தலைமுறை தலைமுறையாகக் கண்ணும் கையும் பழகியவர்கள். ஒரு கணம் பிசகினால் உயிருக்கே இடர் தரும் தொண்டு அது. தேரின் மீது விழும் மலர் அவர்கள் மீது விழுவதில்லை. ஆயினும் அவர்களின்றித் தேர் ஓரடியும் திரும்பாது.

கீழமாசி வீதி பலசரக்கு மொத்த வணிகம் நடக்கும் வீதி. மூட்டை சுமப்போரும் கைவண்டி இழுப்போரும் விடியலுக்கு முன்பே வந்துவிடுவர். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, இந்நகரில் பகலில் நடந்த நாளங்காடியையும் இரவில் நடந்த அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. அப்பண்டை வழக்கம் இன்றும் அறுபடவில்லை என்பதற்கு இவ்வீதியே சான்று. அருகே ஏழுகடல் தெரு உள்ளது. தடாதகைப் பிராட்டியாரின் அன்னை காஞ்சனமாலை கடலாட விரும்பியபோது, இறைவன் ஏழு கடலையும் மதுரைக்கே வருவித்தான் என்பது திருவிளையாடல். அப்பெயர் கொண்ட குளம் இன்று இல்லை. அவ்விடத்தில் கடைகள் நிற்கின்றன. முற்றுப்பெறாத இராயகோபுரத்தின் கற்றூண்களும் பக்கத்தில் உள. பெரியவர் சிறிது நின்று பெருமூச்சு விடுகிறார். கடல் ஏழும் போயின. பெயர் மட்டும் எஞ்சியது.

தெற்கு நோக்கி நடந்தால் விளக்குத்தூண். அயலூரார் இங்கு வந்தால் ஜிகர்தண்டா கிடைக்கும் கடையைத் தேடுவர். தூணின் வரலாற்றைத் தேடுவோர் குறைவு. மதுரையைச் சூழ்ந்து மதிலும் அகழியும் இருந்த காலத்தில், நெருக்கம் மிகுந்து நகரத்தார் இடருற்றனர். 1840-களில் ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன், மதிலை இடித்து அகழியைத் தூர்த்து, வெளியாகிய இடத்தில் மக்கள் குடியேறச் செய்தார். கோட்டைக்கு அப்பால் அமைந்ததால் வெளி வீதி எனப் பெயர் வந்தது. அப்பணியில் துணைநின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயரால் இன்றும் வீதிகள் உண்டு. ஆட்சியரின் நினைவாக எழுந்ததே இவ்விளக்குத்தூண். அணித்தே நிற்கும் பத்துத்தூண், திருமலை நாயக்கர் அரண்மனையின் எஞ்சிய பகுதி. அரண்மனை அழிந்தது, கோட்டை அழிந்தது. தேரோடும் வீதியோ அழியவில்லை. மன்னர் கட்டியதினும் மக்கள் நடந்து காத்தது நீடித்தது.

அடுத்தது தெற்குமாசி வீதி. துணிக்கடைகளும் அணிகலக் கடைகளும் நெருங்கிய பகுதி இது. மங்கல நாண் வாங்கவும் மணப்புடைவை எடுக்கவும் தென்பாண்டி நாட்டார் தலைமுறைகளாக நாடிவரும் இடம். இவ்வீதியில்தான் தென்திருவாலவாய்த் திருக்கோயில் உள்ளது. மதுரையின் ஐம்பூதத் தலங்களுள் நெருப்புக்குரியதாக இதனைப் போற்றுவர். இங்கே விழாக்காலத்தில் பெரியவர் இளமையில் கண்ட காட்சிகள் பல. வாசல் தோறும் நீர் தெளித்து மாக்கோலம் இட்டிருப்பர். பந்தலில் நீர்மோரும் பானகமும் மண்பானையில் குளிர்ந்திருக்கும். பனையோலை விசிறியால் முன்பின் அறியாதார்க்கும் வீசி நிற்பர் சிலர். சாதி கேளாது, ஊர் கேளாது, தாகம் ஒன்றையே கேட்டு நீர் வார்த்த கைகள் அவை.

வணிகக் குழுவினரும் தொழில் மரபினரும் தத்தமக்கு உரிய மண்டகப்படியில் சுவாமியை எழுந்தருளச் செய்து வழிபடுவது மரபு. சுமை தூக்குபவன் வீட்டு முன்றிலிலும் செல்வன் மாளிகை முன்றிலிலும் தேர் ஒரே நடையில்தான் செல்லும்.

மேற்கே திரும்பினால் மேலமாசி வீதி. இங்கு எழுந்தருளியுள்ள இம்மையில் நன்மை தருவார் திருக்கோயில் வேறெங்கும் காண்டற்கரிய அமைப்பு உடையது. சோமசுந்தரக் கடவுள் சுந்தரபாண்டியனாய் முடிசூடுவதற்கு முன், தாமே இலிங்கத்தை நிறுவிப் பூசித்த தலம் இது. கருவறையில் இறைவனும் இறைவியும் இலிங்கத்தை வழிபடும் கோலத்தில் இருக்க, அன்பர்கள் இலிங்கத்தின் பின்புறத்தையே தரிசிக்கின்றனர். ஆளப் புகுபவன் முதலில் பணிய வேண்டும் என்னும் அறத்தை ஆண்டவனே நடந்து காட்டிய இடம். மதுரையின் ஐம்பூதத் தலங்களுள் நிலத்துக்கு உரியது இத்தலம்.

இப்பகுதியைச் சார்ந்த மதனகோபால சுவாமி கோயிலின் தூண்கள் சில கடல் கடந்து போயின. 1912-இல் மதுரைக்கு வந்த ஓர் அமெரிக்க அம்மையார் அவற்றை விலைக்கு வாங்கினார். 1919-இல் அவை பிலடெல்பியா நகரக் கலைக்கூடத்திற்கு வழங்கப்பெற்றன. இன்றும் அங்கே ஒரு மண்டபமாக எழுந்து நிற்கின்றன. தம் வீதியின் செல்வத்தைத் தாமே மதியாதபோது அது எங்கோ சென்று மதிப்புப் பெறும் என்பதற்கு இதனின் வேறு எடுத்துக்காட்டு வேண்டா.

இவ்வீதிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் மதுரைக்கு வந்த காந்தியடிகள் மேலமாசி வீதியிலுள்ள ஒரு வீட்டில் தங்கினார். மாற்றுடைக்கு வழியற்ற ஏழை மக்களைக் கண்டு நெடுநாள் நெஞ்சம் வருந்திய அவர், 22-ஆம் நாள் காலை, தாம் அதுவரை அணிந்த உடையைத் துறந்து, முழங்காலளவு துண்டு ஒன்றையே உடையாகக் கொண்டு அவ்வீட்டிலிருந்து வெளிவந்தார். தம் இறுதிநாள் வரை அக்கோலத்தை அவர் மாற்றவில்லை. இறைவன் விறகு சுமந்து நடந்த ஊரில், ஒரு மனிதர் ஏழையின் உடையை மேற்கொண்டு நடந்தார்.

விறகு சுமந்த செய்தி பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தில் உள்ளது. அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் பல கருவறைக்குள் நிகழவில்லை என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாணபத்திரன் பொருட்டு இறைவன் விறகு விற்கும் முதியவனாய்த் தெருத் தெருவாய்த் திரிந்து, ஏமநாதன் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடினான். வணிக மகளிர்க்கு வளையல் விற்கும் செட்டியாய் வீதியில் வந்தான். வந்தி என்னும் முதியவளுக்காகப் பிட்டு உண்டு, கூடை சுமந்து, பிரம்படியும் பட்டான். இவற்றை ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழா நினைவூட்டுகிறது. தன்னைத் தேடி வர இயலாதாரைத் தான் தேடிச் செல்லுதல் இறைவனுக்கு இயல்பு.

இக்கருத்து பற்றியே தமிழில் உலா என்னும் சிற்றிலக்கியம் தோன்றியது. பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழு பருவத்து மகளிரும் தத்தம் வாயிலில் நின்று, வீதியில் பவனி வரும் தலைவனைக் காண்பதாகப் பாடுவது அதன் இலக்கணம். சேரமான் பெருமாள் நாயனார் அருளிய திருக்கயிலாய ஞான உலாவை ஆதியுலா என்பர். மதுரைச் சொக்கநாதர்க்கும் புராணத் திருமலைநாதர் ஓர் உலா பாடியுள்ளார். வீதி என்பது எல்லாப் பருவத்தாரும் காணும் பொது அரங்கு. அதனாலேயே புலவர்கள் இறைவனை அங்கே நிறுத்திப் பாடினர்.

வடமேற்கு முனையில் திரும்பினால் வடக்குமாசி வீதி. கிருஷ்ணன் கோயிலும் இராமாயணச் சாவடியும் இவ்வீதியின் அணிகள். ஊரார் கூடி இராமகாதை கேட்ட சாவடியின் பெயர் இன்றும் வழங்குகிறது. கதை கேட்க வந்த தாய்மாரின் மடியில் உறங்கிப் போன சிறுவருள் ஒருவராய்ப் பெரியவர் தம்மை நினைத்துக் கொள்கிறார்.

இவ்வீதிக்கும் வடக்கே சிம்மக்கல்லில் பழைய சொக்கநாதர் கோயில் உள்ளது. இடைக்காடர் என்னும் புலவரின் பாடலைப் பாண்டியன் மதியாது இருந்தபோது, மனம் நொந்த புலவர் இறைவனிடம் முறையிட்டார். அவர்க்கு நேர்ந்த அவமதிப்பைத் தனக்கு நேர்ந்ததாகக் கொண்ட இறைவன், கோயிலை விட்டு நீங்கி, அம்மையோடும் சங்கப் புலவரோடும் வடபால் வைகைக் கரைக்குச் சென்று தங்கினான். மன்னன் ஓடிவந்து பிழை பொறுக்க வேண்டி, புலவரைச் சிறப்பித்த பின்னரே திரும்பினான். அவ்வாறு சென்று தங்கிய இடமாக இத்தலத்தைப் போற்றுவர். ஓர் அன்பன் மதிக்கப்படாத கோயிலில் தானும் இரான் என்பது இறைவன் அன்றே உரைத்த தீர்ப்பு.

இத்தீர்ப்பை ஊர் நெடுங்காலம் மறந்திருந்தது. பிறப்பின் காரணமாகப் பல்லாயிரம் அன்பர்கள் இத்திருக்கோயிலுள் நுழையத் தடுக்கப்பட்டனர். தொலைவில் உயர்ந்து தோன்றும் கோபுரமே அவர்களுக்குக் கருவறை. உலாத் திருமேனி வெளியே எழுந்தருளும் பொழுதில் எட்ட நின்று தொழுவதே அவர்களுக்கு வாய்த்த தரிசனம். பட்டர் கையால் திருநீறு பெறாதவர்களின் கண்ணீர் வீழ்ந்த மண் இது. வீதியைத் திருச்சுற்று என்று கூறுவதற்கு ஆகமச் சான்றினும் வலிய சான்று அக்கண்ணீரே ஆகும்.

1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் அத்தடை நீங்கியது. மதுரை அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், பின்னாளில் அமைச்சராக விளங்கிய கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் ஐவரும், நாடார் குலத்தவர் ஒருவரும் திருக்கோயிலுள் சென்று வழிபட்டனர். அப்போது நிர்வாக அலுவலராக இருந்த ஆர். எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்த்தோரும் இருந்தனர். எனினும் இராஜாஜி தலைமையிலான அரசு அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றி அந்நுழைவுக்குக் காப்பளித்தது. அனைவர்க்கும் திறவாத கோயிலுள் தாமும் புகுவதில்லை எனக் கொண்டிருந்த காந்தியடிகள், 1946-இல் மதுரைக்கு வந்து, அங்கயற்கண்ணியை மகிழ்வுடன் வழிபட்டார். மேலமாசி வீதியில் ஏழையின் உடையை அவர் ஏற்றதற்கும், கோயில் வாயிலை அவர் கடந்ததற்கும் இடையே கால் நூற்றாண்டு ஓடியிருந்தது.

வாயில் திறந்த பின்னர் வீதியின் வேலை முடிந்துவிட்டதா எனின், இல்லை. அண்மைக் காலத்தில் அதனை ஊர் முழுதும் உணர்ந்தது. பெருந்தொற்றுப் பரவிய 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மாசி வீதியில் தேர் ஓடவில்லை. திருக்கல்யாணக் காட்சியைத் திரையில் கண்டு தாலிச் சரடு மாற்றிக் கொண்ட மகளிர் எத்தனையோ பேர். 2022-இல் மீண்டும் வடம் பிடித்தபோது, வீதியின் இருபுறமும் நின்ற முதியோர் பலர் கண்ணீர் மல்க நின்றனர். அம்மை வாராத வீதி எத்துணை நீளமுடையது என்பதை அவ்விரண்டு ஆண்டுகளில் அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்றும் கோயிலுக்குள் வர இயலாதார் உளர். முழங்கால் வலியால் படியேற மாட்டாத மூதாட்டி, படுக்கையில் கிடக்கும் நோயாளர், வரிசையில் நிற்க நேரம் வாய்க்காத சுமைப்பணியாளர், கடையை விட்டு நீங்க இயலாத சிறுபணியாளர், கண்ணொளி இழந்து மேளத்தின் ஒலியால் மட்டுமே சுவாமியின் வருகையை உணர்பவர் ஆகிய இவர்களுக்கெல்லாம் வீதியே சன்னிதி. ஆகவே அதனைச் சன்னிதியாகவே வைத்திருத்தல் உள்ளே சென்று வழிபடும் பேறு பெற்றோரின் கடமை.

அக்கடமை பெரிதன்று. திருவீதியில் குப்பை எறியாதிருத்தல், எச்சில் உமிழாதிருத்தல் முதற்படி. வாகனம் எழுந்தருளும் பொழுது முண்டியடித்து முன்னே நில்லாமல், முதியோரையும் குழந்தைகளையும் முன்னிறுத்துதல் இரண்டாம் படி. கைப்பேசியை உயர்த்திப் பின்னிற்பார் கண்ணை மறையாதிருத்தல் மூன்றாம் படி. தம் தெருவில் நடக்க மாட்டாத ஒருவரேனும் இருந்தால், விழா நாளில் அவரை ஒரு நாற்காலியிலேனும் அமர்த்தி வாசலுக்குக் கொணர்ந்து காட்டுதல் நான்காம் படி. அது பல குடமுழுக்குக் கண்ட புண்ணியத்திற்கு ஒப்பாகும்.

பெரியவர் வடகிழக்கு முனையில் திரும்பி மீண்டும் கீழமாசி வீதியில் நடக்கிறார். தேரும் இவ்வாறே நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வந்து சேரும். பழைய ஓட்டு வீடுகள் மறைந்து மாடிக் கடைகள் எழுந்துள்ளன. அறிந்த முகங்கள் அருகிவிட்டன. ஆயினும் அவர் மனம் சோரவில்லை. வீட்டை இழந்தவருக்கும் வீதி இருக்கிறது. உறவை இழந்தவருக்கும் உலா வரும் அன்னை இருக்கிறாள்.

திருக்கோயிலுக்கு வரும் அன்பர்கள் தரிசனம் முடிந்ததும் ஊர்திக்கு விரையாமல், இயன்ற ஒரு நாளில் இவ்வீதிகளுள் ஒன்றையேனும் நடந்து வலம் வருவாராக. தேர் ஓடிய தடத்தில் நடப்போர், உள்ளே புக இயலாது அங்கு நின்று தொழுத அன்பர்தம் நினைவுக்கும் வணக்கம் செலுத்துவோர் ஆவர். நான்மாடக் கூடலில் வீற்றிருக்கும் அங்கயற்கண்ணியும் ஆலவாய் அண்ணலும் உள்ளிருப்போர்க்கும் வெளியிருப்போர்க்கும் ஒருங்கே அருள் சுரப்பாராக!